அல்லிக்கு நூற்று மூன்று

ஒரு வீட்டுக்கு ஆள் வர வேண்டுமென்றால் அங்கே கல்யாணம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் சாவு விழ வேண்டும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றோரம் தனி வீட்டில் இருந்த தர்மாம்பாள் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். குதிரைக்குக் காய்ச்சல் என்று போனில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டால் போதும்.

குதிரை அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. புருஷன் துரைராசு வாங்கியது. குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் போட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்த மனுஷனுக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று குதிரை ஆசை வந்தது. வெள்ளைப் பெட்டைக் குதிரை. அல்லி என்று பெயர் வைத்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம், அதிராம்பட்டினம் வரைக்கும் கிராக்கி இருக்கிறது என்றார். கிராக்கி இருந்தது உண்மைதான். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் முதலில் போய்ப் பார்த்தது பெண்டாட்டி முகத்தையல்ல, குதிரை முகத்தை. "உங்களுக்கு ரெண்டு பொண்டாட்டி. அவளுக்குக் கொள்ளு, எனக்குப் பழையது" என்று தர்மாம்பாள் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்வாள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த துரைராசு பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மகன் பிரபு கத்தாரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். பேச்சில் பாதி "சாப்டியாம்மா", மீதி "அந்தக் குதிரைய வித்துத் தொலையேன்". நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. குதிரையை மட்டும் அவள் விற்கவில்லை. பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொல்லையில் மூச்சுவிடுகிற சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அல்லி இளைக்க ஆரம்பித்தது. கால் வீங்கியது, அடிவயிற்றில் நீர் கோத்தது, பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. உள்ளூர் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். அங்கிருந்து ஸ்கூட்டரில் வந்தவள்தான் மாலதி. முப்பது வயதுகூட இருக்காது. கரூர்ப் பெண். டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கு மேலும் ஆராய்ச்சி என்று படித்துக்கொண்டிருந்தாள். குதிரையின் கழுத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவள், மறுநாளே திரும்பி வந்தாள்.

"சர்ரா நோய்ங்கம்மா. ரத்தத்துல ஒரு கிருமி. கடிக்கிற ஈ கொண்டாந்து விட்டுடுது. இதுக்கு மருந்து இருக்கு, ஆனா கடுமையான மருந்து. அதுல பாதி அளவு போட்டாலே போதுமான்னுதான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். நாகப்பட்டினத்துலேர்ந்து அதிராம்பட்டினம் வரைக்கும் குதிரைங்கள சேத்திருக்கோம். அல்லியையும் சேத்துக்கலாமாங்க?"

"அது பொழச்சுக்குமா?"

"பொழச்சுக்கும்ங்க. ஆனா நீங்க ஒரு உதவி பண்ணணும். இந்த நோவுல காய்ச்சல் வரும், போகும். நாங்க வந்து சேர்றதுக்குள்ள இறங்கிடும். அதனால காலையும் சாயந்தரமும் நீங்களே பாத்து எனக்கு அனுப்பணும். நீங்க அனுப்பற நம்பர்தாங்க எங்களுக்குக் கண்ணு."

பார்ப்பது என்றால் நெற்றியிலா கையிலா? வாலைத் தூக்கித் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, கீக் கீக் என்று சத்தம் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துரைராசு இருந்தவரை அந்தக் குதிரையை முகம் கொடுத்துப் பார்க்காதவள், இப்போது இரண்டு வேளையும் அதன் பின்பக்கம் நின்றாள். "பாத்துக்கிட்டே இருக்கீங்களா? சந்தோஷமா இருக்குமே உங்களுக்கு" என்று சுவரில் மாலையோடு இருந்த புருஷனைத் திட்டினாள்.

நூறு, நூற்றொன்று என்றால் சரியான சூடு. அதற்கு மேலே போனால் காய்ச்சல். ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு நாள் சாயந்தரம் தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது. தட்டி அனுப்பிவிட்டுப் போனைக் கீழே வைப்பதற்குள் அது அடித்தது. "அம்மா, நான் கிளம்பிட்டேன்" என்றாள் மாலதி. வந்தாள். ரத்தம் எடுத்தாள், ஊசி போட்டாள், தர்மாம்பாள் வைத்த வத்தக்குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த அடுப்படியில் இன்னொருத்தர் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதைத் தர்மாம்பாள் மனசுக்குள் எண்ணிப் பார்க்கவே பயந்தாள். வாயால் சொன்னது வேறு. "இப்பத்தான் என் தங்கச்சி வந்துட்டுப் போறா. நித்தம் யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க. உக்காரக்கூட நேரமில்ல."

தங்கச்சி வந்து வருஷமாகியிருந்தது.

ஊசி வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. அல்லி கொள்ளைக் கேட்டுக் காலால் தரையைத் தட்டியது. தர்மாம்பாள் காலையில் நூறு என்று அனுப்புவாள். மாலதியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். சாயந்தரம் நூறு புள்ளி ஐந்து, இன்னொரு கட்டைவிரல். வாராவாரம் ரத்தம் எடுக்க வந்தவள், பிறகு மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றாள். "நல்ல சேதிதாங்கம்மா" என்று வேறு சொன்னாள்.

கட்டைவிரலோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்?

துரைராசுவின் திதி வந்தது. சொந்தக்காரர்கள் சிலர் வந்தார்கள். சாப்பிட்டார்கள். பாயசத்துக்கு வெல்லம் பத்தவில்லை என்றார்கள். வெயில் தாழ்வதற்குள் ஒவ்வொருத்தராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாலு பேர் பேசிவிட்டுப் போன வீடு, யாருமே வராத வீட்டைவிட மோசம். எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டுத் தர்மாம்பாள் கொட்டகைக்குப் போனாள். தெர்மாமீட்டர் நூறு புள்ளி நான்கு என்றது. அவள் விரல் நூற்று மூன்று புள்ளி இரண்டு என்று தட்டியது. விரல்தான் தட்டியது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தட்டினவள் அவள்தான்.

போன் அடித்தது.

மறுநாள் விடிந்ததும் மாலதி வந்து நின்றாள். குதிரைக்குச் சூடு நூறுதான் இருந்தது. அவள் சந்தேகப்படவே இல்லை. "அதாங்க சொன்னேன், வரும் போகும்னு" என்று ரத்தம் எடுத்துக்கொண்டாள். இட்லி சாப்பிட்டாள். சாப்பிடும்போது பாதிப் பேச்சு அல்லியைப் பற்றித்தான். அதன் பல்லைப் பார்த்தால் வயது இவ்வளவு, குளம்பைச் சீவ வேண்டும், பச்சைப் புல்லைக் கூட்டிப் போடுங்கள் என்று. இங்கேயும் அந்தக் குதிரைதான் மூத்தாள் என்று தர்மாம்பாளுக்குத் தோன்றியது. இருந்தாலும் எதிரே உட்கார்ந்து ஒருத்தி பேசுகிறாளே! இன்னும் ரெண்டு இட்லி வைத்தாள்.

பிறகு இன்னொரு தடவை நூற்று மூன்று. அப்புறம் ஒரு நூற்று மூன்றரை. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று தர்மாம்பாள் தீர்மானமாகத்தான் இருந்தாள்.

மாசி மாசத்தில் ஒரு காலையில் மாலதி வழக்கத்தைவிடப் பெரிய பெட்டியோடு வந்தாள். முகம் தெளிவாக இல்லை.

"பாதி மருந்து அல்லிக்குப் பத்தலைங்கம்மா. நோய் திரும்புது. ரத்தத்துல கிருமி கண்ணுக்குப் படலை, ஆனா இந்த நோவுல சில நேரம் அப்படி ஒளிஞ்சுக்கும். காய்ச்சல் மட்டும் காட்டிக் குடுக்கும். இன்னிக்கு முழு மருந்து போடணும்."

"போட்டா ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

மாலதி மறைக்கவில்லை. "பாதி மருந்து ஏற்கனவே உடம்புல போயிருக்கு. நாகப்பட்டினத்துல ஒரு குதிரைக்கு இப்படிப் போட வேண்டியதாச்சு. சிறுநீரகம் தாங்கலை. எல்லாத்துக்கும் அப்படி ஆகாதுங்க. நான் இங்கேயே இருந்து பாத்துக்கறேன், சாயந்தரம் வரைக்கும்."

சாயந்தரம் வரைக்கும். வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்குத் தர்மாம்பாள் பாயசம் வைத்திருப்பாள். இப்போது கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலதி மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசியில் உறிஞ்சினாள். நோயே இல்லாத அல்லி, கட்டின கயிற்றை மென்றுகொண்டு சாதுவாக நின்றது.

"இரும்மா" என்றாள் தர்மாம்பாள்.

மாலதி திரும்பிப் பார்த்தாள்.

அந்த நிமிஷம் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். நீ வரணும் என்பதற்காகப் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அதாவது, தங்கச்சி வரவில்லை, யாரும் வரவில்லை, நாள் முழுக்க வாய் திறக்காமலேயே எனக்குப் பொழுது போகிறது என்று சொல்ல வேண்டும். எங்கோ கரூரிலிருந்து வந்த பெண்ணிடம் ஒரு பொம்பளை எப்படி இதைச் சொல்வாள்? அவளுக்கு நாக்கு எழவில்லை. பதிலாக வேறொன்று எழுந்தது.

"எனக்கு அந்த நம்பர் சரியாப் படிக்கத் தெரியலம்மா. கண்ணும் மங்கல். ஒண்ண மூணுன்னு அனுப்பிட்டேனோ என்னமோ."

மாலதி ஊசியை மெல்லக் கீழே வைத்தாள். தெர்மாமீட்டரை எடுத்து அல்லிக்கு வைத்து, சத்தம் வந்ததும் தர்மாம்பாள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது எவ்வளவுங்கம்மா?"

நூறு புள்ளி ஆறு. பளிச்சென்று தெரிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள் தர்மாம்பாள். கல்யாணமான புதிதில் துரைராசுவின் குத்தகைக் கணக்கையெல்லாம் மனக்கணக்காகவே போட்டுச் சொல்லி மாமனாரை வாய் பிளக்க வைத்தவள். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நூத்தி... மூணா?" என்றாள்.

மாலதி அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்புதாங்க. படிச்சுக் காட்டச் சொல்லிச் சோதிச்சிருக்கணும். உங்கள நான் கேக்கவே இல்ல" என்றாள். ஊசி மருந்தைக் கொட்டிவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடாமலே போனாள்.

அல்லி தப்பித்தது. அதோடு முடிந்தது என்று தர்மாம்பாள் நினைத்தாள். படிக்கத் தெரியாத கிழவி என்று பெயர் வாங்கியது உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஆளில்லாதவள் என்று பெயர் வாங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்து மாலதி வந்தது தெர்மாமீட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக. கையில் ஒரு சின்னச் சீட்டும் இருந்தது. பாபநாசத்தில் இலவசக் கண் முகாம். தர்மாம்பாள் பெயரை அவளே பதிந்திருந்தாள்.

"காலையில சீக்கிரம் போயிடுங்கம்மா. யாரையாவது துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. கண்ணுல சொட்டு மருந்து விடுவாங்க, தனியா திரும்ப முடியாது."

தர்மாம்பாள் சீட்டை வாங்கிக்கொண்டாள். "உன் படிப்பு என்னாச்சும்மா?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"மறுபடியும் முதல்லேர்ந்துங்க. சார் சொல்லிட்டாரு. ஒருத்தவங்க தப்பா படிச்சிருந்தா மத்தவங்களும் தப்பா படிச்சிருக்கலாம்ல, வீட்டுக்காரங்க அனுப்பின காய்ச்சல் கணக்கையே எடுத்துக்க முடியாதுன்னு. அடுத்த மழைக்காலம் வரைக்கும் காத்திருந்து, புதுசா குதிரைங்கள சேத்து..." முடிக்காமல் சிரித்தாள். "பரவால்லங்க. அல்லிக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே போதும்."

வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போயிருந்தால் தர்மாம்பாள் தாங்கிக்கொண்டிருப்பாள். சண்டை போடக்கூட ஆளில்லாதவளுக்கு அது விருந்து. கண் முகாம் சீட்டைத்தான் தாங்க முடியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் கூசியது. முகாம் நாளன்று காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, அல்லிக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்பினாள். முகாமுக்குப் போகவில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே வழி விசாரித்து, பேராசிரியர் பஞ்சநதத்தின் அறைக்குப் போய் நின்றாள். மாலதியின் ஆராய்ச்சிக்கு மேல்பார்வை அவர்தான். நரைத்த மீசை, மேஜை நிறையக் காகிதம். ஓரத்தில் மாலதி எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தர்மாம்பாளைக் கண்டதும் பதறி எழுந்தாள். "என்னங்கம்மா, அல்லிக்கு ஏதாவது...?"

"அது நல்லாத்தான் இருக்கு" என்றவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், எனக்கு நல்லாப் படிக்கத் தெரியும். கண்ணும் நல்லாத் தெரியும்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து புதுத் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துத் தன் கக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சத்தம் வந்ததும் எடுத்து, மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவளுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தார்.

"தொண்ணூத்தி ஏழு புள்ளி நாலு" என்றாள் தர்மாம்பாள், நின்ற இடத்திலிருந்தே.

அவர் தானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரி. அப்ப அந்த நூத்தி மூணு எல்லாம்?"

"மொத தடவை வந்தது நெஜம். ஊசிக்கு அப்புறம் அனுப்பின காய்ச்சல் அத்தனையும் பொய்."

"எதுக்கும்மா பொய் சொன்னீங்க? மருந்து அதிகமாக் கிடைக்கும்னா?"

அவரே ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் சார் என்று தலையாட்டியிருந்தால் போதும், பேராசைக்காரி என்ற பெயரோடு மானமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்லித்தான் இந்தப் பெண்ணின் ஒரு வருஷப் படிப்பு போனது. தர்மாம்பாள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல்னாத்தான் இந்தப் பொண்ணு வரும் சார். எனக்குப் பேச ஆளில்ல."

மாலதி குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி வரா, நித்தம் ஆள் வருதுன்னு நான் இவங்ககிட்ட சொன்னதும் பொய்தான்" என்றாள் தர்மாம்பாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "மத்த குதிரை வச்சிருக்கவங்களச் சந்தேகப்படாதீங்க. அங்கெல்லாம் குடும்பமா இருப்பாங்க. அவங்களுக்கு இப்படிப் பொய் சொல்லணும்னு தேவை இருக்காது."

பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தெரியாமப் படிச்சது வேற, தெரிஞ்சே சொன்னது வேறம்மா. இது உங்களோட போகட்டும். உங்க குதிரைய இந்த ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடறோம். மத்தவங்க எல்லார்கிட்டயும் போய்ப் படிக்கச் சொல்லிப் பாத்துட்டு, சரியாப் படிச்சாங்கன்னா அவங்க கணக்க வச்சுக்கலாம். மாலதி, நாளைக்கே கிளம்புங்க."

"சரிங்க சார்" என்றாள் மாலதி.

அவள் வாசல் வரைக்கும் கூட வந்தாள். வேப்பமர நிழலில் கட்டியிருந்த மாடுகளைத் தாண்டி இரண்டு பேரும் நடந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் மாலதி நின்றாள்.

"இத எங்கிட்ட தனியாச் சொல்லிருக்கலாம்ல? சார் முன்னாடி சொல்லணுமாங்க?"

"தனியாச் சொல்லிருந்தா என்ன பண்ணியிருப்ப? காய்ச்சல் இல்லாமயே வந்திருப்பியா?"

மாலதி சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்கிற பெண் அல்ல. அது தர்மாம்பாளுக்குத் தெரியும், அதனால்தான் அவளைப் பிடித்தும் இருந்தது.

"தெரியலைங்கம்மா" என்றாள் மாலதி. "வந்திருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"அதான்" என்றாள் தர்மாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. மாலதியின் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினாள், பிறகு தூக்கின கையால் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். "போம்மா, வேலையப் பாரு. நாளைக்கு ஊர் ஊரா அலையணும் நீ."

ரோட்டைத் தாண்டி நிறுத்தத்தில் நின்றாள். திரும்பிப் பார்த்தபோது கேட்டில் யாரும் இல்லை. அழுகை வருமோ என்று பயந்தாள். வரவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லியாயிற்று, பூமி பிளந்துவிடவில்லை. அதே சமயம், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்ளவும் யாரும் வரவில்லை. சொல்லிவிட்டால் ஏதாவது மாறும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பெண்களுக்கான இலவசப் பஸ் வந்தது. ஒரே கூட்டம். இரண்டு பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல, மடியில் பூக்கூடை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வந்தவர், இவளையும் அவர்களோடு சேர்த்து எண்ணி, "மூணு பேரா?" என்றார்.

பூக்கூடைக்காரி பதில் சொல்வதற்குள் தர்மாம்பாள் சொன்னாள்.

"இல்லங்க. நான் ஒருத்திதான்."